பழவேற்காட்டுக் கட்டம்

ஜொகூர் பாருவில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை மலாய்மொழியில் கேட்பவர், ‘காயின் பெலிகாட்’ என்றே கேட்பார். ‘காயின்’ என்பது துணி. ‘பெலிகாட்’ என்பது ஓர் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை அடுத்த உப்பேரியின் கரையில் இருக்கும் பழவேற்காட்டை ஐரோப்பியர் ‘புலிகாட்’ என்றனர். மலாய் நாவில் அது ‘பெலிகாட்’ ஆயிற்று. இன்று அவ்வூரை மீனுக்காகவும் பூநாரைகளுக்காகவும் அறிவோர் உண்டு; துணிக்காக அறிவோர் அரியர்.

கட்டத் துணியின் சிறப்பு அதன் நெசவிலேயே இருக்கிறது. அச்சிட்ட துணிக்கு வண்ணம் பின்னர் ஏறுகிறது. இதற்கோ நூலே முன்னதாகச் சாயம் ஏற்கிறது. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் பாவிலும் ஊடையிலும் பட்டைபட்டையாக அமைய, அவை குறுக்கிடும் இடத்தில் மூன்றாம் நிறம் ஒன்று தோன்றும். துணிக்கு உள்புறம், வெளிப்புறம் என்ற வேறுபாடு இல்லை. குழல்போல் மூட்டிக் கட்டும் உடைக்கு இது மிகப் பொருந்தும். மனித உருவோ விலங்குருவோ அதில் இடம்பெறாமையால் தொழுகைக்கும் தடையில்லை. இசுலாம் பரவிய தீவுகளில் இத்துணி வேரூன்றியதற்கு விலையைவிட இதுவே வலுவான காரணம் என்று கருதுகிறேன்.

1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தோமே பீரஸ், சோழமண்டலக் கரையிலிருந்து அங்கு வந்த துணி வணிகத்தின் பெருக்கத்தை எழுதிவைத்துள்ளார். மலாக்காவை இழந்த அரச குடும்பத்தின் வழியில் தோன்றியதே ஜொகூர் அரசு. பின்னர் டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிச் சோழமண்டலத் துணி வணிகத்துக்கு அதனைத் தலைமையிடமாக்கினர். அதே டச்சுக் கம்பெனிதான் ஜொகூரோடு உடன்படிக்கை செய்து, ஜொகூர்ப் படைகளின் துணையுடன் 1641இல் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது. போர் வரலாற்றில் நாம் படிக்கும் கம்பெனியும் துணிமூட்டை ஏற்றிய கம்பெனியும் ஒன்றே.

ஜொகூருக்கெனத் தனி அடையாளமாகப் போற்றப்படுவது ‘பாஜு குருங் தெலுக் பெலாங்கா’ என்னும் மேலாடை. சிங்கப்பூரின் தெலுக் பெலாங்காவிலிருந்து ஆட்சித் தலைமையிடம் ஜொகூர் பாருவுக்கு மாறிய 1866ஆம் ஆண்டோடும் அபுபக்கரின் பெயரோடும் மரபு அதனை இணைத்துச் சொல்கிறது. அது விழாவுக்குரிய உடை. பெலிகாட்டோ வீட்டுத் திண்ணைக்கும் பள்ளிவாசலுக்கும் உரியது; அரசவை வரலாறு அதனைப் பெரிதாகப் பாராட்டவில்லை. ஆயினும் பி. ரம்லியின் ‘பூஜாங் லாப்போக்’ (1957) முதலிய திரைப்படங்களிலும், கேலிச்சித்திரக் கலைஞர் லாட்டின் ‘கம்போங் பாய்’ (1979) நூலிலும் சாமானியனை அடையாளம் காட்ட இடுப்பில் ஒரு கைலியே போதுமானதாக இருந்தது.

இக்கட்டம் கிழக்கே மட்டும் செல்லவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில், மார்த்தினிக் முதல் செயின்ட் லூசியா வரை, ‘மதராஸ்’ என்ற பெயரோடு தலைக்கட்டாகவும் விழா உடையாகவும் நிலைத்தது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் சென்னைக் கட்டத் துணியை வாங்கி, அதிலிருந்து சில நூல்களை மட்டும் வெட்டி உருவி, நெய்தவர் நினைத்திராத புதிய கோலத்தை அதில் உண்டாக்கினர். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் இத்துணியின் சாயம் கரைந்தது. வணிகர் அக்குறையையே பெருமையாக்கி, ‘கசியும் மதராஸ்’ என விளம்பரம் செய்து விற்றனர்! 1996இல் மாநகரம் சென்னை எனப் பெயர் மாறிய பின்னும், ரால்ஃப் லாரன் போன்ற நவநாகரிக நிறுவனங்களின் சட்டையில் அது ‘மதராஸ்’ ஆகவே இருக்கிறது.

இங்கே நம்மவர் இருவகையாகப் பிழைபடுகின்றனர். இளையோர் பலர் பெலிகாட்டை முற்றிலும் மலாய் உடை என்று ஒதுக்குகின்றனர். மேடையேறுவோர் சிலரோ அது முழுவதும் நம்முடையது என்று முழங்குகின்றனர். சோழமண்டல நெசவாளர் கீழ்த்திசைச் சந்தையின் விருப்பத்தை அறிந்தே நெய்தனர். எந்த நிறம், எவ்வளவு பெரிய கட்டம், எத்தனை முழம் என்பதை மாதிரித் துணிகள் கடல் கடந்து வந்து சொல்லின. தறி தமிழகக் கரையில் இருந்தது. தேர்ந்தெடுத்த கண் மலாய்க் கரையில் இருந்தது. இரண்டில் ஒன்றை விலக்கினால் அத்துணியே இல்லை.

சொற்களும் இதனைக் காட்டுகின்றன. தமிழ் ஊர்ப்பெயர் மலாயில் துணியின் பெயராயிற்று. மலாயில் ‘உறை’ என்று பொருள்படும் ‘சாரோங்’ மறுதிசையில் பயணம் செய்து, இலங்கைத் தமிழில் ‘சாரம்’ ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் சாரம் கட்டுபவர் மலாய்ச் சொல்லை உடுத்துகிறார். மூவாரில் பெலிகாட் கட்டுபவர் தமிழ் ஊர் ஒன்றை உடுத்துகிறார்.