சிவப்புச் சாளரம்



பழைய பிலிம் காமிராவைக் கையாள்வோருக்கு என்றேனும் ஒரு நாள் வந்து சேரும் தொல்லை ஒளிக்கசிவு. இருட்டுப் பெட்டியாய் இருக்கவேண்டிய கருவிக்குள் வேண்டாத வெளிச்சம் புகுந்து, கழுவி அச்சிட்ட படத்தில் வெண்கறையாய் நின்றுவிடும்.

1983-ஆம் ஆண்டில், இளம் ஆசிரியனாயிருந்த நான், என் தந்தையார் வைத்திருந்த பழைய பெட்டிக் காமிராவைக்கொண்டு, பள்ளியை விட்டுப் பிரியும் மாணவர்களை வேப்பமரத்தடியில் நிறுத்திப் படமெடுத்தேன். பிள்ளைகளை வரிசைப்படுத்தும்வரை காமிரா வெயிலில் ஒரு பெஞ்சின்மீது கிடந்தது. படம் வந்தது, இரண்டு பிள்ளைகளின் முகங்கள் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமானதொரு வெண்மை! ஸ்டூடியோக்காரர் இருட்டறையில் கவனக்குறைவாயிருந்தார் என்று கடிந்து பேசினேன். அவர் மறுமொழி கூறவில்லை, கூலியும் வாங்கவில்லை.

பின்னர் வேறு படங்களிலும் அதே இடத்தில் அதே வட்டம் தோன்றவே, ஐயம் காமிராவின்மேல் திரும்பிற்று. கசிவைக் காண ஒரு வழி உண்டு. இருட்டறையில் காமிராவுக்குள் சிறு டார்ச் விளக்கை வைத்து மூடி, வெளியே உற்றுப் பார்க்கவேண்டும். மடிப்புக் காமிராவானால், துருத்தியின் மூலைகளில் தோல் தேய்ந்து விழுந்த ஊசித்துளைகள் விண்மீன்களைப்போல் மின்னும். என் பெட்டியில் துளையொன்றும் இல்லை. பின்புறத்துச் சிவப்புச் சாளரம் மட்டும் மினுங்கியது. அது மினுங்கவேண்டியதுதானே என்று விட்டுவிட்டேன். பிழை அங்கேதான் இருந்தது!

அந்தச் சாளரம் வந்த கதையைக் கேளுங்கள். 1888-இல் ஈஸ்ட்மன் வெளியிட்ட முதல் கோடக் காமிராவில் நூறு படங்களுக்கான பிலிம் இருந்தது. எடுத்து முடித்ததும் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். 1892-இல் பாஸ்டன் நகரத்து சாமுவேல் டர்னர் என்பார் இதற்கு மாற்றுக் கண்டார். பிலிமின் முதுகில் கருங்காகிதம் ஒன்றைச் சேர்த்துச் சுருட்டி, அக்காகிதத்தில் எண்களை அச்சிட்டு, காமிராவின் பின்புறத்தில் சிவப்புச் சாளரம் ஒன்றை வைத்தார். பகல் வெளிச்சத்திலேயே பிலிமை மாட்டலாம். எத்தனையாவது படம் என்பதையும் சாளரத்தின் வழியே காணலாம். 1895-இல் ஈஸ்ட்மன் அவருடைய நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டார். 1900-இல் ஒரு டாலர் விலைக்கு வந்த பிரௌனி பெட்டியும் இம்முறையையே கைக்கொண்டது.

சிவப்பு ஏன்? அந்நாளைய பிலிமுக்குச் சிவப்பு நிறம் புலப்படாது. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் இக்காரணத்தால்தான். ஆனால் 1873-லேயே பெர்லின் பேராசிரியர் வோகல், சாயப்பொருள் சேர்த்தால் தகட்டுக்குப் பச்சை நிறமும் புலப்படும் என்று கண்டிருந்தார். அவ்வழியே சென்ற ஆய்வின் பயனாக, 1906-இல் இங்கிலாந்தின் ராட்டன், வெயின்ரைட் நிறுவனத்தார் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளை விற்பனைக்குக் கொணர்ந்தனர். பின்னாளில் சுருள் பிலிமும் சிவப்பை உணரலாயிற்று. அன்று முதல் சிவப்புக் கண்ணாடி காவலன்று. கருங்காகிதம் ஒன்றே காவல். கடும் வெயிலில் வெகுநேரம் கிடந்தால் அதுவும் போதுவதில்லை. பின்வந்த காமிராக்கள் பலவற்றில் சாளரத்தின்மேல் தள்ளுமூடி வைத்தது இதனால்தான். என் தந்தையாரின் பெட்டி அதற்கு முந்தியது. பெட்டி கெடவில்லை, பிலிமின் கண் மாறியிருந்தது.

இதை நான் நூல்களில் படித்து அறிந்தபோது ஆண்டுகள் பல கழிந்திருந்தன. ஸ்டூடியோக்காரரைத் தேடிச் சென்றேன். கடை இருந்த இடத்தில் துணிக்கடை இருந்தது; அவர் போன ஊரைச் சொல்வார் இல்லை.

பாட்டனாரின் காமிரா உங்களில் எவருக்கேனும் கிடைத்தால், சாளரத்தின்மேல் கருநாடா ஒன்றை ஒட்டிவிடுங்கள். பிலிமைச் சுற்றும்போது மட்டும், நிழலில் நின்று, அதை நீக்கி எண்ணைப் பாருங்கள். என் பெட்டியில் இன்றும் அது ஒட்டியிருக்கிறது. அந்த இரு பிள்ளைகளுள் ஒருவனுடைய வேறு படம் எங்கள் பள்ளியில் இல்லை.