பணக்கார நாடுகளும் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறுமா? - ஒரு விளக்கம்

மும்பை: அமெரிக்க அரசின் கடன் தரமதிப்பீட்டை மூடிஸ் நிறுவனம் 2025 மே 16 அன்று ஒரு படி குறைத்தது. எஸ் அண்டு பி 2011-லும், ஃபிட்ச் 2023-லும் இதே முடிவை எடுத்திருந்தன. இதன் மூலம் மூன்று பெரிய நிறுவனங்களிடமும் அந்நாடு உச்ச மதிப்பீட்டை இழந்தது. செல்வந்த நாடுகளும் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறுமா என்ற கேள்வியை இது எழுப்பியுள்ளது.

எந்த நாணயத்தில் கடன்?

அமெரிக்கா டாலரிலும் ஜப்பான் யென்னிலும் கடன் பெறுகின்றன. அந்த நாணயங்களை வெளியிடுவது அவற்றின் மத்திய வங்கிகளே. எனவே, பணமில்லாமல் தவணை தவறும் அபாயம் மிகக் குறைவு. எனினும், பணவீக்கம் உயர்ந்தால் கடன் கொடுத்தவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையின் மதிப்பு குறையும். அமெரிக்காவில் கடன் உச்சவரம்பை உயர்த்த நாடாளுமன்றம் மறுத்தாலும் சிக்கல் எழும்.

யூரோவைத் தானாக வெளியிட இயலாத கிரீஸின் நிலை வேறு. 2012-ல் அந்நாட்டின் பத்திரங்களை வைத்திருந்த தனியார் முதலீட்டாளர்கள் முகமதிப்பில் 53.5 சதவீதத்தை இழந்தனர். 2015 ஜூன் 30 அன்று சர்வதேச நிதியத்துக்குரிய தவணையையும் கிரீஸ் செலுத்தவில்லை. டாலர் கையிருப்பு தீர்ந்த இலங்கை, 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைத்தது.

1991-ல் இந்தியா

இந்தியாவும் இந்த விளிம்புவரை சென்று மீண்டுள்ளது. 1991-ல் அந்நியச் செலாவணி கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமான அளவுக்குச் சரிந்தது. எஸ். வெங்கிடரமணன் ஆளுநராக இருந்த ரிசர்வ் வங்கி, அவ்வாண்டு ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை மும்பையிலிருந்து விமானத்தில் லண்டனுக்கு அனுப்பி, அடகு வைத்தது. இதன்பேரில் சுமார் 40 கோடி டாலர் கடன் கிடைத்தது. தவணை தவறவில்லை, அவ்வாண்டு இறுதிக்குள் அந்தக் கடனும் அடைக்கப்பட்டது.

இந்தியருக்கு என்ன பாதிப்பு?

ரிசர்வ் வங்கியின் கையிருப்பில் அமெரிக்க அரசுப் பத்திரங்களும் அடங்கும். 2024-ல் இந்தியா வசம் இருந்த அப்பத்திரங்களின் மதிப்பு 20,000 கோடி டாலருக்கும் அதிகம். அவற்றின் விலை சரிந்தால் கையிருப்பின் மதிப்பும் குறையும். மறுபுறம், ரிசர்வ் வங்கி தங்கத்தை உள்நாட்டுக்குக் கொண்டுவந்து வருகிறது. 2024 செப்டம்பர் இறுதியில் அதன் 854.73 டன் தங்கத்தில் 510.46 டன் இந்தியாவிலேயே இருந்தது.

மத்திய அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டில் பெறப்பட்டது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி அமைப்புகள் அதில் முதலீடு செய்துள்ளன. எனவே, அரசுக் கடனின் நம்பகத்தன்மை என்பது சாமானியரின் சேமிப்புக்கான பாதுகாப்பும் ஆகும்.