அனகோஸ்டியா சமூக அருங்காட்சியகம்

அனகோஸ்டியா சமூக அருங்காட்சியகம் ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரான வாசிங்டன், டி. சி.யில் உள்ள ஓர் அருங்காட்சியகம் ஆகும். இது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஒரு பிரிவாக 1967 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. அரும்பொருள்களைச் சேகரித்துக் காட்டுவதை விட, சுற்றி வாழும் மக்களின் வரலாற்றையும் அன்றாடச் சிக்கல்களையும் கண்காட்சிப் பொருளாக்கியதால் இது அருங்காட்சியகவியலில் முக்கியமான எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

பின்னணி

அனகோஸ்டியா, நகரின் தென்கிழக்கில் அதே பெயருடைய ஆற்றின் மறுகரையில் அமைந்த பகுதியாகும். 1854-ல் யூனியன்டவுன் என்ற பெயரில் இங்கு ஒரு குடியிருப்பு உருவானபோது, கறுப்பின மக்களுக்கு வீட்டுமனை விற்கத் தடை இருந்தது. 1950களில் வாசிங்டனின் தென்மேற்குப் பகுதி நகரச் சீரமைப்புக்காக இடிக்கப்பட்டு, 20,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பலர் ஆற்றைக் கடந்து அனகோஸ்டியாப் பகுதிக்கு வந்தனர். அதே காலத்தில் வெள்ளையர் பலர் புறநகர்களுக்குச் சென்றனர். 1960களில் இது ஆப்பிரிக்க அமெரிக்கர் பெரும்பான்மையாக வாழும் பகுதியாகியது.

நகரின் மையத்தில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆயினும் வறிய பகுதிகளில் வாழ்ந்தவர்கள் அங்கு அதிகம் செல்லவில்லை. மக்கள் அருங்காட்சியகத்துக்கு வராவிடில் அருங்காட்சியகம் மக்களிடம் செல்ல வேண்டும் என்ற கருத்தை, ஸ்மித்சோனியனின் அன்றைய செயலாளர் டில்லன் ரிப்ளி 1966-ல் முன்வைத்தார்.

தொடக்கம்

இதற்கெனக் கார்வர் என்ற பழைய திரையரங்கு தெரிவு செய்யப்பட்டது. திட்டமிடலில் அப்பகுதி மக்களைக் கொண்ட ஆலோசனைக் குழு பங்கெடுத்தது. முதல் இயக்குநராக ஜான் கினார்ட் நியமிக்கப்பட்டார். இவர் சமயப் போதகராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். அருங்காட்சியகத் துறையில் முன் அனுபவம் இல்லாதவர். 1989-ல் இறக்கும் வரை இவரே இயக்குநராக இருந்தார்.

திறப்பு விழாவின்போது மெர்குரி விண்கலத்தின் மாதிரி, 1890ஆம் ஆண்டுக் கடை ஒன்றின் மீளமைப்பு, பிள்ளைகள் தாமே பொருத்திப் பார்க்கக்கூடிய எலும்புக்கூடுகள், சிறிய உயிரினக் காட்சி ஆகியன இடம்பெற்றன. உள்ளூர் மக்களை மைய அருங்காட்சியகங்களுக்கு ஈர்க்கும் ஒரு கிளையாகவே ரிப்ளி இதனை முதலில் எண்ணியிருந்தார். கினார்டும் அப்பகுதி மக்களும் இதனைத் தமது சொந்த நிறுவனமாக மாற்றினர்.

எலி பற்றிய கண்காட்சி

இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவது 1969-ல் திறக்கப்பட்ட எலி பற்றிய கண்காட்சியாகும். அப்பகுதிப் பிள்ளைகளுடன் நடந்த உரையாடலில், வீடுகளில் எலித் தொல்லை இருப்பது தெரியவந்ததே இதற்குக் காரணமாக அமைந்தது. எலியின் உயிரியல், அது பரப்பும் நோய்கள், பெருகும் விதம், கட்டுப்படுத்தும் முறைகள் ஆகியன விளக்கப்பட்டன. உயிருள்ள எலிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. "எலி: மனிதன் தானே வரவழைத்துக் கொண்ட துன்பம்" என்ற பொருள்தரும் தலைப்பு இதற்கு இடப்பட்டது.

அக்காலத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இத்தகைய பொருளைக் காண்பது அரிது. 1972-ல் நடந்த மற்றொரு கண்காட்சி வீட்டுவசதி, வேலையின்மை, போதைப்பொருள், குற்றம், கல்வி ஆகியவற்றை எடுத்துக்கொண்டது.

உள்ளூர் வரலாறு

தொடக்கத்தில் இதனிடம் குறிப்பிடத்தக்க சேகரிப்பு இல்லை. பின்னர் முதியோரின் வாய்மொழி வரலாறுகளும் குடும்ப ஒளிப்படங்களும் ஆவணங்களும் திரட்டப்பட்டன. 1608 முதல் 1930 வரையான அனகோஸ்டியாவின் வரலாறு 1977-ல் கண்காட்சியாகவும் நூலாகவும் வெளிவந்தது. ஆய்வாளர் லூயிசு டேனியல் அட்சின்சன் அந்நூலை எழுதினார்.

இடமாற்றமும் பெயர்மாற்றமும்

திரையரங்குக் கட்டடம் சேகரிப்புகளைப் பேணுவதற்குப் போதுமானதாக இல்லை. எனவே 1987-ல் அருங்காட்சியகம் ஃபோர்ட் சிடாண்டன் பூங்காவில் கட்டப்பட்ட புதிய கட்டடத்துக்கு மாறியது. பாதுகாப்பான இடம் கிடைத்தது. ஆனால் கடைத்தெருவில் நடந்து செல்பவர் எளிதாக நுழைந்து பார்க்கும் வாய்ப்பு இல்லாமல் போனது.

பெயரில் இருந்த "அக்கம்பக்கம்" என்னும் பொருள்தரும் சொல்லும் அப்போது நீக்கப்பட்டது. 1995-ல் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான மையத்துடன் இது இணைக்கப்பட்டது. இத்துறைக்கெனத் தனித் தேசிய அருங்காட்சியகம் அமைக்க 2003-ல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் உள்ளூர்ச் சமூகங்களே மீண்டும் இதன் முதன்மை நோக்கமாயின. 2006-ல் தற்போதைய பெயர் இடப்பட்டது.

பிந்திய செயற்பாடுகள்

2012-ல் அனகோஸ்டியா ஆறு உள்ளிட்ட நகர்ப்புற நீர்வழிகளையும் அவற்றின் மாசையும் பற்றிய கண்காட்சி நடத்தப்பட்டது. 2018-ல் தொடங்கிய "நகரத்துக்கான உரிமை" என்ற பொருள்தரும் கண்காட்சி, நகரச் சீரமைப்பையும் வாடகை உயர்வையும் வாசிங்டனின் ஆறு பகுதிகளின் மக்கள் எதிர்கொண்ட விதத்தை விளக்கியது. கட்டடச் சீரமைப்புக்குப் பின் அருங்காட்சியகம் 2019 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது.

முக்கியத்துவம்

1972-ல் சிலியின் சாண்டியாகோ நகரில் நடந்த வட்டமேசைக் கூட்டம், அருங்காட்சியகங்கள் சமூகத்தின் தேவைகளுக்குப் பணியாற்ற வேண்டும் என வலியுறுத்தியது. 2022-ல் பிராகா நகரில் அனைத்துலக அருங்காட்சியகங்கள் அவை ஏற்ற வரைவிலக்கணத்தில் சமூகங்களின் பங்கேற்பு சேர்க்கப்பட்டது. அனகோஸ்டியாவில் இம்முயற்சி 1967-லேயே தொடங்கியிருந்தது. எனினும் இதன் நிதியும் நிருவாகமும் ஸ்மித்சோனியனைச் சார்ந்தவை. ஆகவே மக்கள் கருத்தைக் கேட்பதற்கும், முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடம் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வோருக்கும் இது பயனுள்ள எடுத்துக்காட்டாகும்.

இவற்றையும் பார்க்க

• ஸ்மித்சோனியன் நிறுவனம்
• அருங்காட்சியகவியல்
• வாய்மொழி வரலாறு