போர்க்கோலமும் அருட்கோலமும்

போர்க்களம் புகும் வீரன் மெய்க்குக் கவசமும் கைக்குக் கேடகமும் தேடுவது உலகியல்பு. ஆயின், முப்புரம் எரிக்க எழுந்த பெருமானைச் சிற்பிகள் சடாமகுடமும் குண்டலமும் ஆரமும் தோள்வளையும் பூண்டவனாகவே வடித்தனர். இக்கோலத்தோடு போர் புரிதல் எங்ஙனம் இயலும் எனச் சிலர் வினவுவர். சிற்பியர் போரின் இயல்பு அறியாதார் போலும் என்று கருதுவாரும் உளர்.

அக்கருத்துப் பொருந்தாது என்பதற்குச் சான்று கண்ணமங்கலத்தார்க்கு அணித்தேயுள்ளது. சவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்தில், பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள்ளன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972 ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. ஆநிரை மீட்டுப் பட்ட வீரர், ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் கொண்டு, எளிய அரையாடையோடு அக்கற்களில் நிற்கின்றனர். சிலர் மேனியில் அம்பு தைத்திருத்தலையும் காணலாம். கவசத்தைக் குறிக்கும் 'மெய்ம்மறை' என்னும் சொல்லோ பதிற்றுப்பத்திலேயே பயில்கின்றது. ஆதலின், போரின் மெய்ம்மை தமிழ்ச் சிற்பிக்குத் தெரிந்ததே.

இனி, தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் காண்போம். முதலாம் இராசராசன் அதன் விமானத்திற்குச் செப்புக் கலசம் அளித்தது 1010 ஆம் ஆண்டில். கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களின் கீழ் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931 ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று திரிபுராந்தகர் திருக்கோலம். நான்முகன் தேர் செலுத்த, எண்தோள் வீசி நிற்கின்றான் இறைவன். எதிரே அசுரர் சினந்து நிற்க, அவர்தம் மகளிர் அஞ்சித் தழுவுகின்றனர். அச்சத்தையும் சினத்தையும் உள்ளவாறே தீட்டவல்ல அவ்வோவியன், இறைவன் மேனிக்குக் கவசம் தீட்டினானல்லன்.

கவசம் புண்படுவார்க்கே வேண்டுவது. முப்புரம் என்பது மும்மலத்தின் காரியம் எனத் திருமூலர் உணர்த்தியருளினார். நகைத்தே எரித்தானுக்குப் பகை ஏது? படை ஏது? நடுகல் ஒரு நாள் நிகழ்ந்ததை நினைவூட்டுவது. திருமேனியோ நாள்தோறும் தியானிக்கப்படுவது. மகுடம் முதல் பாதம் வரை அடியவர் நெஞ்சு படிந்து செல்வதற்கே அவ்வணிகள் அமைந்தன.

திருப்பணியில் சுதையுருவங்களைப் புதுக்குங்கால், நாடக மேடை வேடம் போலவோ, அச்சுப்படம் போலவோ அமைக்குமாறு பொருளுதவுவோர் ஸ்தபதியாரை நெருக்குதலும் உண்டு. பொருள் அன்பர்க்குரியது, அளவும் அமைதியும் ஆகமத்திற்குரியன. இதனை உணர்ந்து, முன்னோர் காட்டிய கோலம் பிறழாது காத்தலே குடமுழுக்கின் பயனை நிறைவிப்பதாகும். திருவருள் துணை நிற்பதாக.