தில்லை: தலத்துக்குப் பெயர் தந்த மரமும் அதன் உவர்நில வாழ்வும்

சிற்றம்பலத்தின் பெருமையும் ஆனந்தக் கூத்தின் தத்துவமும் இம்மலரைக் கையில் ஏந்தும் அன்பர்கள் அறியாதவை அல்ல. ஆகவே, விழாக் குழுவினரின் பணிப்பைத் தலைமேற்கொண்டு எழுதப்படும் இக்கட்டுரை, தலத்துக்குத் தன் பெயரையே வழங்கிவிட்டு, இன்று அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் பிச்சாவரத்து உப்பங்கழி ஓரங்களில் நிற்கும் தில்லை மரத்தைப் பற்றியும், அம்மரமும் அதன் அண்டை உயிர்களும் உவர்நிலத்துக்கு இயைந்து வாழும் திறத்தைப் பற்றியும் மட்டுமே பேசுகிறது.

தில்லையைத் தமிழர் கண்டது தலபுராணக் காலத்துக்கு மிக முன்னரே ஆகும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் வரிசையில் தில்லைப் பூவும் இடம்பெறுகிறது. நற்றிணையின் 195ஆம் பாடல், கரிய கழியில் கொழுத்த மீனைத் தின்ற நீர்நாய்க் குருளை தில்லைப் பொதும்பில் உறங்குவதைக் காட்டுகிறது. கழி, மீன், நீர்நாய், மரம் ஆகிய நான்கையும் ஒரே காட்சியில் பிணைத்த அப்புலவர், ஓர் உயிர் எந்த நிலத்தில், எதை உண்டு, எங்கே ஒடுங்கும் என்பதை நேரில் கண்டே பாடியிருக்க வேண்டும். புறநானூற்றின் 252ஆம் பாடலில் மாற்பித்தியார், அருவியில் நீராடி நிறம் மாறிய தவசியின் சடைக்குத் தில்லையை உவமை ஆக்குகிறார். உரைவழக்கு இதனைத் தில்லைத் தளிர் எனக் கொள்ளும். தில்லையின் முதிர்ந்த இலையும் உதிருமுன் செம்மை பூணும் என்பதை அறிந்தவர்க்கு அவ்வுவமை மேலும் இனிக்கும். ஒவ்வொரு திணைக்கும் உரிய விலங்கையும் மரத்தையும் பறவையையும் கருப்பொருள் என்று வகுத்த தொல்காப்பியரின் மரபில் வந்த புலவர்களுக்கு இத்தகைய நுண்ணோக்கு இயல்பாக வாய்த்ததில் வியப்பில்லை.

உவர்நிலம் மரங்களுக்கு எளிய இருப்பிடம் அன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு மென்சவ்வின் வழியே நீர் ஊடுருவிச் செல்வதைச் சவ்வூடு பரவல் என்பர். இவ்வியல்பின்படி, சாதாரண மரம் ஒன்றைக் கழிமுகத்தில் நட்டால் நீர் அதன் வேருக்குள் புகாது. வேரில் உள்ள நீரே வெளியேறும். சுற்றிலும் வெள்ளம் நிற்க, மரம் தாகத்தால் பட்டுப்போகும். போதாததற்கு, நாள்தோறும் ஓதம் ஏறி வடியும் அந்தச் சேற்றில் காற்றுக்கும் இடமில்லை; ஒரு கைப்பிடி அள்ளினால் கரிய நிறமும் அழுகிய முட்டையின் நாற்றமும் அதை உணர்த்தும்.

இந்த இரட்டை இடரை ஒரே காட்டில் வாழும் மரங்கள் வெவ்வேறு வழிகளில் கடக்கின்றன. சுரபுன்னை உப்பைப் பெரும்பாலும் வேரின் வாயிலிலேயே தடுத்து, நீரை மட்டும் உள்ளே விடுகிறது. நூற்றில் 90 பங்குக்கு மேல் உப்பு அங்கேயே வடிகட்டப்படுகிறது. வெண்கண்டலோ உப்பில் ஒரு பகுதியை உள்ளே ஏற்று, இலையில் உள்ள உப்புச் சுரப்பிகளின் வழியே வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறிய வேளையில் அதன் இலையை விரலால் தடவினால் நறநறவென்று பொடி ஒட்டும். நாவில் வைத்தால் கரிக்கும். தில்லைக்கு அத்தகைய சுரப்பி இல்லை. தன்னுள் புகுந்துவிடும் உப்பை முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைத்து, அவ்விலைகள் சிவந்து பழுத்ததும் உதிர்த்துவிடுவது அதன் வழி. ஏற்றதைத் தேக்காமல், காலம் வந்ததும் பற்றின்றித் துறக்கும் இம்மரத்தை மாற்பித்தியார் ஒரு துறவியின் சடையோடு சேர்த்து நினைத்தது எத்துணைப் பொருத்தம்!

மூச்சுக்கும் மரங்கள் வழி வைத்திருக்கின்றன. வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களைப் போல மேல்நோக்கி எழும் குச்சிகள் அதன் சுவாச வேர்கள். அவற்றின் தோலில் உள்ள நுண்துளைகள், ஓதம் வடிந்ததும் காற்றை உள்ளே இழுக்கின்றன. சுரபுன்னை வில்லாக வளைந்த முட்டுவேர்களால் அதனைச் செய்கிறது. கழியின் மேட்டுப் பக்கத்தில் நிற்கும் தில்லைக்குக் குச்சி வேர்கள் இல்லை. பாம்புகள் பின்னிக் கிடப்பது போல அதன் வேர்கள் நிலத்தின் மேற்பரப்பிலேயே ஓடி மூச்சு வாங்குகின்றன. சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்ட பின்னரே விழுகிறது. உவர்ச்சேற்றில் புதிதாக முளைவிடும் இடர் அதற்கு நேர்வதில்லை.

விலங்குகளுள் சேற்றில் துள்ளும் மீன் ஒன்றைச் சொன்னால் போதும். செவுள் அறைகளில் நீரை நிரப்பிக்கொண்டும், ஈரத் தோலின் வழியே காற்றை ஏற்றுக்கொண்டும், முன் துடுப்புகளைக் கைகளாக ஊன்றி அது கரையில் நடக்கிறது. வேர்களின் மேலும் ஏறி அமர்கிறது.

உமாபதி சிவாசாரியார் அருளிய கோயிற்புராணம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. வண்டு தீண்டாத மலரைப் பொழுது புலருமுன் பறிக்க, பனியில் வழுக்கும் மரங்களில் ஏறுதற்குப் புலிக்காலையும் பழுதற்ற பூவைத் தெரிதற்குக் கால்களில் கண்களையும் இறைவனிடம் வேண்டிப் பெற்றார் வியாக்கிரபாத முனிவர். செய்யும் தொண்டுக்கு ஏற்ற உடலை வேண்டியவர் அவர். மரமும் மீனும் அவ்வாறு வேண்டிப் பெறவில்லை. பிறக்கும் கன்றுகளுள் உப்பைச் சற்று மிகுதியாகத் தாங்கியவை பிழைத்து வித்திட்டன, தாங்காதவை மடிந்தன, எண்ணற்ற தலைமுறைகளில் அச்சிறு வேறுபாடுகள் திரண்டு இன்றைய அமைப்பாயின. இதனை இயற்கைத் தேர்வு என்பர். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பலாகாது. ஆயினும், காலமெல்லாம் நிகழ்ந்த அத்தேர்வின் நுட்பத்தைக் காணும் அன்பருக்கு ஐந்தொழில் நினைவு எழுவதும் இயல்பே.

இத்தகைய திறன் பெற்ற காடும் மனிதர் கைபட்டு நலிந்தது. முன்னாளில் பகுதி பகுதியாக மரங்களை முற்றும் வெட்டியதால், நிழல் இழந்த சேறு காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் ஆவியாகி உப்பு மிகுந்தது. கண்டலும் தாங்க இயலாத அளவை அது எட்டியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கரையோரச் சிற்றூர் மக்களுடன் இணைந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்து செல்ல வழி செய்த பின் காடு மீண்டும் தழைத்தது. 2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஓதத்தின் வழியை அடைக்காதிருப்பதும், கழியில் நெகிழிக் குப்பை எறியாதிருப்பதும் கூத்தப்பிரானின் அடியார்கள் ஏற்க வேண்டிய திருத்தொண்டே ஆகும்.

தலமரத்தை நேரில் தொழ விரும்பிப் படகில் செல்லும் அன்பர்கள், சுரபுன்னை வேர்களுக்கு அப்பால் மேட்டுக் கரையை நோக்குக. பச்சை இலைகளுக்கு இடையே ஆங்காங்கே சிவந்த இலைகளோடு நிற்பது தில்லை. பிரசாதமாகக் கருதி அதன் கிளையை ஒடித்தல் கூடாது. ஒடித்த இடத்தில் கசியும் வெண்பால் கண்ணில் பட்டால் பார்வையைச் சில காலம் மறைக்கும். லின்னேயஸ் 1759இல் அதற்கு இட்ட எக்ஸோகேரியா என்னும் பெயருக்கும் கண்ணைக் குருடாக்குவது என்பதே பொருள். ஆடுமாடு வாய்வைக்காமல் தில்லை பிழைத்து நிற்பதற்கு அந்தப் பாலும் ஒரு காரணம்.