மூச்சு முட்டிய நகரம்!

காருக்கு இதயம் எது என்று கேட்டால், ‘இன்ஜின்’ என்று பட்டென்று சொல்லிவிடுவீர்கள். சரி, அந்த இன்ஜின் மூச்சு விடுவது எப்படி? உள்ளே போகிற பெட்ரோலையும் காற்றையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். எரிந்து முடிந்த புகையைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? பின்பக்கம் சைலன்ஸர் வழியாகப் போய்விடுகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை! அந்தப் புகை வெளியேறும் வழியைக் கொஞ்சம் மாற்றினால் வண்டி இன்னும் வேகமாகப் பறக்கும் என்று தெரிந்துகொண்டு, அதற்காக ஒரு தலைமுறையே ஸ்பேனரும் வெல்டிங் கம்பியுமாக அலைந்தது. அதிலிருந்து ஒரு பெரிய தொழிலே முளைத்தது. பிறகு அதே குழாயின் மீது சட்டம் பாய்ந்தது. இந்தக் கதையில் பெரும்பகுதி நடந்தது ஒரே ஊரிலும் அதைச் சுற்றியும்தான். லாஸ் ஏஞ்சலீஸ்!

முதலில் அந்தக் குழாயைப் பார்த்துவிடுவோம். இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு ஐம்பது முறை புகையை வெளியே துப்புகிறது. கார் கம்பெனிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? வார்ப்பிரும்பில் ஒரு கனமான கூடு செய்து, எல்லா சிலிண்டர்களின் வாயையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். இதற்கு ‘மேனிஃபோல்டு’ என்று பெயர். மலிவு, சத்தம் குறைவு, வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால், ஒரு குறை. குறுகலான வாசலில் நாலு பேர் ஒரே சமயத்தில் வெளியேற முண்டியடித்தால் எப்படி இருக்கும்? ஒரு சிலிண்டரின் புகை அடுத்த சிலிண்டரின் புகையை வழிமறிக்கும். எரிந்த புகை கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். அந்த அளவுக்குப் புதிய காற்றுக்கு உள்ளே இடம் இல்லை!

‘ஹெடர்’ என்பது இதற்கு மாற்று. சிலிண்டருக்கு ஒன்றாக, வளைத்த எஃகுக் குழாய்கள். கூடுமானவரை ஒரே நீளம். தனித்தனியாக ஓடி, கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பெரிய குழாயில் போய்ச் சேரும். வித்தை அந்த நீளத்தில்தான் இருக்கிறது. புகை கிளம்பும்போது கூடவே ஓர் அழுத்த அலையும் கிளம்புகிறது. குழாய்கள் கூடும் இடத்தில், திடீரென்று இடம் விரிவதால், அந்த அலை உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால், சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுத்துப் போட்டுவிடும். புதுக் காற்றையும் உள்ளே வரவழைக்கும். நீளம் தப்பானால் பலன் தப்பும். குழாய் ரொம்பப் பெருத்துவிட்டாலும் புகையின் வேகம் குறைந்து, சாதாரணச் சாலையில் வண்டி மந்தமாகிவிடும். ‘பெரிய குழாய் போட்டால் பெரிய வேகம்’ என்பது அன்றைக்கும் பொய், இன்றைக்கும் பொய்!

இனி கதைக்கு வருவோம். 1932-ல் ஹென்றி ஃபோர்ட் எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைச் சாதாரண மக்களின் காரில் வைத்தார். 65 குதிரைத் திறன். அதுவரை ‘வி-8’ என்றால் வசதியானவர்கள் சமாச்சாரம். சில வருடங்களில் இந்தக் கார்கள் பழசாகி, கை மாறி, தெற்கு கலிஃபோர்னிய இளைஞர்களிடம் வந்து சேர்ந்தன. கையில் காசு இல்லை, ஆசை மட்டும் நிறைய. மட்கார்டைக் கழற்றினார்கள், பானட்டைக் கழற்றினார்கள், எடையைக் குறைத்தார்கள். இன்ஜினில் கை வைத்தார்கள்.

ஃபோர்டின் அந்த இன்ஜினுக்கு ஒரு விசித்திரமான வியாதி இருந்தது. ஒரு பக்கத்தில் நாலு சிலிண்டர். ஆனால், புகை வெளியேற மூன்றே வாசல்! நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொண்டன. போதாக்குறைக்கு, சூடான புகை இன்ஜின் பிளாக்கின் உள்ளேயே புகுந்து வெளியே வந்தது. இன்ஜின் கொதித்ததில் ஆச்சரியமில்லை. ஹெடர் மாட்டியவர்களால் வாசலுக்கு வெளியே இருந்த நெரிசலைத்தான் தீர்க்க முடிந்தது. அதற்கே வண்டி சீறியது!

ஓட்டிப் பார்க்க இடம்? லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே, மொஹாவே பாலைவனத்தில் மூராக் என்ற வறண்ட ஏரி. மைல் கணக்கில் கட்டாந்தரை. இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று 1937-ல் ‘தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்’ என்ற சங்கம் உருவானது. வாரக் கடைசியில் காரை ஓட்டிக்கொண்டு ஏரிக்குப் போக வேண்டும், பந்தயம் ஓட்ட வேண்டும், அதே காரில் வீடு திரும்ப வேண்டும். ஊருக்குள் சத்தம் போட்டால் போலீஸ் பிடிக்கும். அதற்கும் ஒரு வழி கண்டார்கள். பக்கவாட்டுக் குழாய்களின் நுனியில் மூடி போட்டார்கள். மூடி இருந்தால் புகை சமர்த்தாக சைலன்ஸர் வழியே போகும். ஏரிக்கரை வந்ததும் மூடியைக் கழற்றினால்... நேராக வெளியே! இன்றைக்கும் அதற்கு ‘லேக் பைப்’ என்றுதான் பெயர். ஊருக்கு ஒரு முகம், பந்தயத்துக்கு ஒரு முகம். இந்த மூடியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. மூராக் ஏரி முழுக்க ராணுவத்தின் கைக்குப் போய்விட்டது (பிற்காலத்து எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அதுதான்). போர் முடிந்து திரும்பிய பையன்கள், விமானத்தையும் டாங்கியையும் பழுது பார்த்துக் கைதேர்ந்திருந்தார்கள். எல் மிராஜ் என்ற வேறொரு வறண்ட ஏரிக்கு ஜாகையை மாற்றிக்கொண்டார்கள். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் என்ற இளைஞர் ‘ஹாட் ராட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கொல்லைப்புற வேலையாக இருந்தது கடைச் சரக்காகியது. 1950-களில் ஹெட்மேன், 1960-களில் ஹூக்கர் என்று ஹெடர் செய்வதற்கென்றே கம்பெனிகள் தெற்கு கலிஃபோர்னியாவில் கிளம்பின. 1963-ல் தயாரிப்பாளர்கள் ஒரு சங்கமே வைத்தார்கள். அதன் பெயரிலேயே முதலில் ‘ஸ்பீடு’ என்ற வார்த்தை இருந்தது!

வாங்குவது சுலபம், மாட்டுவதுதான் பாடு. பழைய மேனிஃபோல்டின் போல்ட்டுகள் சூட்டிலேயே வெந்து துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறப்போடாமல், அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட் பாதியில் முறியும். அப்புறம் அதைத் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். புதுக் குழாய் ஸ்டீயரிங் தண்டில் இடிக்கும், ஸ்டார்ட்டர் மோட்டாரை மறைக்கும். ஸ்பார்க் பிளக் ஒயர் குழாயைத் தொட்டால் கருகும். கேஸ்கட் சரியாக உட்காராவிட்டால் ‘டிக்... டிக்’ என்று புகை கசியும். நாலு தரம் சூடாகி ஆறியதும் போல்ட்டையெல்லாம் மறுபடி முறுக்க வேண்டும். புகை நன்றாக வெளியேறுவதால் காற்று அதிகமாக உள்ளே வரும். அதற்கேற்ப கார்புரேட்டரில் ஜெட் மாற்றிப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். இத்தனை பாட்டுக்கும் கிடைத்தது கூடுதலாகக் கொஞ்சம் குதிரைத் திறனும் ஒரு கம்பீரமான உறுமலும்தான். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது!

சரி, ஏரியில் இவர்கள் மூச்சுக்கு வழி செய்துகொண்டிருந்தபோது, ஊருக்குள் என்ன நடந்தது?

1943 ஜூலை 26. லாஸ் ஏஞ்சலீஸை ஒரு புகைமூட்டம் கவ்வியது. கண் எரிந்தது, தொண்டை கரித்தது. போர்க்காலம் அல்லவா? ‘ஜப்பான்காரன் விஷவாயு விட்டுவிட்டான்’ என்று சிலர் பயந்தார்கள். செயற்கை ரப்பருக்கான ரசாயனம் தயாரிக்கும் ஆலை ஒன்றின் மீது பழி விழுந்தது. அதை மூடிப் பார்த்தார்கள். புகைமூட்டம் போகவில்லை! பிற்பாடு வீட்டுக் கொல்லையில் குப்பை எரிப்பதைத் தடை செய்தார்கள். அப்போதும் போகவில்லை.

மர்மத்தை உடைத்தவர் ஒரு வேதியியல் பேராசிரியர். ஹாலந்தில் பிறந்த ஆரி ஹாகன்-ஸ்மிட். கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தவர்! பழத்தின் வாசனையைப் பிடிக்கும் அதே முறையில் ஊர்க் காற்றைப் பிடித்துக் குளிர வைத்துப் பார்த்தார். கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்களும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கலந்து ஓசோன் வாயுவை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் சொன்னார். வானத்தின் உச்சியில் இருந்தால் நம்மைக் காப்பாற்றும் ஓசோன், மூக்குக்கு நேரே இருந்தால் நுரையீரலை அரிக்கும். எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் ஆராய்ந்த தரப்பு இதை ஏற்கவில்லை. மனிதர் விடவில்லை, நிரூபித்தார்.

அதாவது ரகசியம் இதுதான். எது அந்த ஊரை மோட்டார் பிரியர்களின் சொர்க்கமாக்கியதோ (வெயில், அகலச் சாலைகள், வீட்டுக்கு வீடு கார்), அதுவேதான் அதன் மூச்சையும் முட்டவைத்தது. சுற்றிலும் மலை. புகை எங்கே போகும்?

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஹெடர் மாட்டிய சில ஆயிரம் இளைஞர்களால் வந்ததல்ல அந்தப் புகைமூட்டம். ஒன்றுமே மாற்றாமல் ஆபீஸுக்குப் போய் வந்த லட்சக்கணக்கான சாதுவான கார்களால் வந்தது. பெரிய கார் கம்பெனிகள் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைத் தாமதப்படுத்தத் தங்களுக்குள் கூடிப் பேசி வைத்துக்கொண்டன என்று அமெரிக்க அரசே 1969-ல் வழக்குப் போட்டது. அதே வருடம், இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்ற உடன்பாட்டில் அது முடிந்தது.

1970 டிசம்பர் 31-ம் தேதி அதிபர் நிக்சன் ‘தூய காற்று’ச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கார்ப் புகையின் முக்கிய நச்சுகளை 90 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்றது அது. விளைவு, 1975-ம் வருட மாடல் கார்களில் ‘கேடலிடிக் கன்வெர்ட்டர்’ வந்தது. புகைக்குழாயின் நடுவே உட்கார்ந்து, நச்சு வாயுக்களைச் சாதுவாக்கும் டப்பா. பெட்ரோலில் ஈயம் இருந்தால் இது செத்துப்போகும். அதனால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. (நம் நாட்டிலும் இந்த இரண்டும் ஜோடியாகத்தான் வந்தன. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில்!)

இப்போது ஹெடர்காரர்களுக்கு ஒரு புதுச் சிக்கல். அந்த டப்பா நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். அதனால் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நீண்ட குழாய் ஹெடர் மாட்டினால் டப்பா தள்ளிப் போகும், சூடேறத் தாமதமாகும். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் முதல் சில நிமிடங்களில்தான் நச்சு அதிகம். சிலர் டப்பாவையே பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் குழாயை மாட்டினார்கள். பரிசோதனை வரும் நாளில் மட்டும் மறுபடி டப்பாவைப் பொருத்துவது! அந்த ஏரிக்கரை மூடி ஞாபகம் வருகிறதா? ஒரு வித்தியாசம். அன்றைக்கு மூடியைக் கழற்றியபோது சுற்றிலும் பாலைவனம். இப்போது சுற்றிலும் பள்ளிக்கூடங்கள்.

சட்டம் படிப்படியாக இறுகியது. கார் கம்பெனியும் டீலரும் சாதனத்தைக் கழற்றக் கூடாது என்றிருந்தது, 1977-ல் ஒர்க்ஷாப்புகளுக்கும் பொருந்தியது. 1990-ல் காரின் சொந்தக்காரருக்கே பொருந்தியது. கலிஃபோர்னியா ஒரு நடுவழியும் வைத்திருக்கிறது. ஹெடர் செய்பவர் அதைச் சோதித்து, மாசு கூடவில்லை என்று காட்டினால் அரசு ஓர் உத்தரவு எண் தரும். அந்த எண் உள்ள ஹெடரைத் தாராளமாக மாட்டலாம். கன்வெர்ட்டர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். வேகத்துக்குத் தடை இல்லை, அடுத்தவன் மூச்சில் கை வைக்காதே, அவ்வளவுதான்!

எல்லோரும் கேட்டுவிட்டார்களா? அதெப்படி? முந்தைய பத்து வருடத்தில் மட்டும் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்-அப் வண்டிகளில் இப்படிச் சாதனங்கள் பிடுங்கப்பட்டிருக்கின்றன என்று 2020-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொன்னது. லாஸ் ஏஞ்சலீஸின் காற்று அந்த நாளை விட எவ்வளவோ தேறிவிட்டது. ஆனால், ஓசோன் மாசில் அமெரிக்காவின் மோசமான ஊர்களின் வரிசையில் அது இன்னமும் முன்னால்தான் நிற்கிறது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பையன் ‘காருக்கு ஹெடர் மாட்டலாமா?’ என்று வந்து நின்றால் எடுத்த எடுப்பில் திட்டாதீர்கள். அவனுக்குப் பின்னால் தொண்ணூறு வருட வரலாறு இருக்கிறது! கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருப்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். அப்படியே, “நாலு குதிரைத் திறன் கூடுதலாக வரும், சரி. அந்தக் குழாயின் மறுமுனையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாயா?” என்றும் கேட்டு வையுங்கள்.