புகைமூட்டமும் மறைக்கப்பட்ட எண்ணும்

மலேசியாவுக்கு 1996-இல் ஏறத்தாழ 71 லட்சம் சுற்றுப்பயணிகள் வந்தனர். 1998-இல் அது 55 லட்சமாகச் சரிந்தது. ஆசியப் பொருளாதார நெருக்கடி ஒரு காரணம். 1997-இல் சுமத்ரா, கலிமந்தான் காடுகள் எரிந்து எழுந்த புகைமூட்டம் இன்னொன்று.

புகையைத் தடுக்க முடியாத அரசாங்கம் பேச்சைத் தடுத்தது. 1997 நவம்பரில், புகைமூட்டம் பற்றிப் பொதுவில் பேச வேண்டாம் எனப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு உத்தரவு வந்தது. பின்னர் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் எண்களும் இரகசியமாயின. சுற்றுப்பயணிகள் பயந்துவிடுவார்கள் என்பதே காரணம். வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளுக்கும் அந்த எண் கிடைக்கவில்லை.

2005 ஆகஸ்டில் புகை மீண்டும் சூழ்ந்தது. அப்போதுதான் எண்கள் மறுபடியும் வெளியாயின. 11-ஆம் தேதி கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் குறியீடு 500-ஐத் தாண்டியது. அவசர நிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன.

கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பார்க்க வருபவர் பயணத்தைத் தள்ளிப் போடலாம். புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் விடிந்ததும் செம்பனைக் குலை வெட்டப் போகும் தொழிலாளிக்கு அந்த வசதி ஏது? விருந்தாளி பயப்படக் கூடாதென்று மறைத்த எண், அந்த வீட்டில் குடியிருப்பவருக்குத்தான் முதலில் தேவைப்பட்டது.